காவடிக்கு மூன்று நாள், காதலர் தினத்துக்கு ஆறு நாள்

அடுப்பே பற்ற வைக்காமல் செய்யக்கூடிய தொழில் என்று நம்பித்தான் இந்த மிட்டாய் வேலையில் இறங்கினேன். அடுப்புக்குப் பதிலாக அடிவயிறு எரியும் என்று அப்போது ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டிலிருந்தபடியே எதையாவது செய்து விற்கிற மகராசிகளே, உங்களுக்குத் தெரியாததா? சமையலறைதான் நமக்குத் தொழிற்சாலை. சாப்பாட்டு மேசைதான் பேக்கிங் பிரிவு. கட்டிய கணவர்தான் ராஜினாமா செய்ய முடியாத ஒரே ஊழியர். நான் இருப்பது ஜூரோங்கில், பதினோராவது மாடியில். சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றுவேன். பிஸ்கட், பஞ்சு போல மெத்தென்றிருக்கும் மார்ஷ்மெல்லோ இவற்றைக் குச்சியில் குத்தி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி, மேலே கலர் மணிகளைத் தூவி, ரிப்பன் கட்டுவேன். ஓவன் கிடையாது. பெரிய படிப்பும் தேவையில்லை. பிப்ரவரி வந்தால் எல்லாமே இதய வடிவம்.

தைப்பூசமும் காதலர் தினமும் ஒரே வாரத்தில் வந்த வருஷத்தைத்தான் சொல்லப் போகிறேன். செவ்வாய்க்கிழமை பூசம், வெள்ளிக்கிழமை காதல். நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கியது நான்.

கேசரிப் பவுடர்

சீசனின் முதல் ஆர்டர் வினோத்துடையது. கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். ஆபீசில் ஒரு பெண்ணிடம் மனதைச் சொல்லப் போகிறாராம். பன்னிரண்டு சிவப்பு இதயம் வேண்டும், அதுவும் அன்று மாலையே. மறுநாள் அந்தப் பெண் ஒரு மாத லீவில் ஊருக்குப் போகிறாள், காதலர் தினம் வரைக்கும் காத்திருந்தால் கதை கந்தலாகிவிடும் என்றார். சரி என்று வெள்ளைச் சாக்லேட்டை உருக்கினேன். சாக்லேட்டுக்கென்று எண்ணெயில் கரைத்த சாயம் தனியாக உண்டு. டப்பாவைத் திறந்தால் காலி. ஆத்திர அவசரத்துக்குக் கேசரியில் போடுகிற பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டேன்.

உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே போச்சு. நான் ஊற்றியது இரண்டு ஸ்பூன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் இறுகி, தண்ணீர் பத்தாத உப்புமா மாதிரி கட்டிகட்டியாக நின்றது. மணி நாலேகால். ஐந்து மணிக்கு ஆள் கீழே வந்து நிற்பார். வேறு வெள்ளைச் சாக்லேட்டும் கையில் இல்லை. மிச்சமிருந்த பழுப்புச் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றி, ஃப்ரீசருக்குள் வைத்து, அது இறுகுகிறவரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். சாமி கும்பிடுகிறபோதுகூட அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை.

பெட்டியைத் திறந்து பன்னிரண்டு பழுப்பு இதயங்களைப் பார்த்த வினோத் மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தார். ஒரு மனுஷனின் கல்யாண வாழ்க்கையைக் கேசரிப் பவுடரால் கெடுத்துவிட்டோமே என்று நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்கும்போது அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "விடுங்கக்கா. எந்தக் கலர்ல குடுத்தாலும் அவ 'தேங்க்ஸ் ப்ரோ'ன்னுதான் சொல்லப் போறா."

விரத வீட்டில் ஒரு தர ஆய்வாளர்

என் வீட்டுக்காரர் பெயர் பிரபா. கப்பல் பட்டறையில் சேஃப்டி சூப்பர்வைசர். கிரேன் கயிற்றில் சோதனைச் சீட்டு ஒன்று கிழிந்திருந்தால்கூட வேலையை நிறுத்திவிடுகிற ஆள். அதனாலேயே பட்டறையில் பாதிப்பேருக்கு அவரைப் பிடிக்காது. அதற்கு முந்தின வருஷம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்து சோதனைக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்காகப் பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். அந்தப் பன்னிரண்டு நாளை எப்படி ஓட்டினேன் என்று எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கெட்டது ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, ஆஸ்பத்திரி லிஃப்டில் வைத்து, "நான் ஒண்ணு வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றார் பிரபா. அலகு குத்திக் காவடி எடுப்பது. அதற்கு முன்னால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், சைவ விரதம்.

அப்போது என் வீடு இருந்த இருப்பைச் சொல்லவேண்டும். பழைய கறிச்சட்டிகள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டு தங்கை வீட்டுக்குப் போயின. முட்டை போட்ட பிஸ்கட் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. அவருக்குத் தரையில் பாய், குளிர்ந்த தண்ணீரில் குளியல், ஒருவேளைச் சாப்பாடு. நானும் கூடவே சைவம். ஆனால் ஆர்டரை நிறுத்த முடியுமா? மிட்டாயில் கறியா போடுகிறோம், சர்க்கரைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். பட்டறையிலிருந்து வந்ததும் அவரும் என்னோடு உட்கார்ந்து மார்ஷ்மெல்லோவைக் குச்சியில் குத்தித் தருவார். பிய்ந்தது, நசுங்கியது எல்லாம் அவர் வாய்க்குள் போகும். பசியோடு இருக்கிற மனுஷன், சர்க்கரையாவது உள்ளே போகட்டும் என்று நானே சில நாள் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு இனிப்பு ஆகாது. நாள் முழுக்க அந்த வாசனையில் கிடப்பவளுக்கு அது வாயில் வைக்க விளங்காது.

"இப்படித் தின்னா கஸ்டமருக்கு என்னத்தக் குடுக்கிறது?" என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். வாய் நிறைய மார்ஷ்மெல்லோவோடு மிகக் கம்பீரமாகப் பதில் சொன்னார்: "திங்கிறேன்னு சொல்லாத லா. இது குவாலிட்டி கன்ட்ரோல்."

வேர்க்கிற சாக்லேட்

விரதக்காரர் ஏர்கான் போடக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. பிரபாவாகவே வைத்துக்கொண்டது அது. ஆனால் சாக்லேட் விரதம் இருக்குமா? சிங்கப்பூர் வெயிலுக்கு அது மேசையிலேயே நெளியும். ஆகவே எங்கள் படுக்கையறையில் ஏர்கான் போட்டு, கட்டிலில் சாக்லேட் தட்டுகளை அடுக்கி, கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே பாயில் படுத்தோம். பத்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கட்டிலுக்குக் கிடைக்காத மரியாதை சாக்லேட்டுக்குக் கிடைத்தது.

அப்படியும் ஒரு ஆர்டரை முழுக்க, சீக்கிரம் இறுகட்டும் என்று ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். அதுதான் மைதிலி மேடத்துக்குப் போனது. நொவீனாவில் காண்டோ என்கிற வசதியான அடுக்குமாடியில் இருக்கிறவர், சென்னைக்காரர், சுத்த சைவம். பெட்டியில் 'வெஜ்' என்று நான் எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் என்னிடம் வாங்குகிறார். அவருடைய மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஐம்பது பெட்டி. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு போன் வந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே வந்த சாக்லேட் முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறதாம். ரிப்பன் சாயம் போகிறதாம். நான் படபடப்பில் எங்கள் விரதம், ஏர்கான், காவடி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்த்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒற்றுகிற சத்தம் கேட்டது. இனி இந்த அம்மாள் ஜென்மத்துக்கும் என்னிடம் வாங்கப் போவதில்லை என்று நினைத்த நேரத்தில் அவர் குரல் வந்தது. "மாலதி, விரதம் இருக்கிறது உங்க வீட்டுக்காரர். உங்க சாக்லேட்டுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?"

பச்சை முத்திரை

சனிக்கிழமை. காவடிக்கு மூன்று நாள், காதலர் தினத்துக்கு ஆறு நாள். லிட்டில் இந்தியாவில் ஜமீலா அக்காவின் துணிக்கடை இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் என் மிட்டாய்க்கென்று ஒரு தட்டு வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிற நல்ல மனுஷி. புதிதாகச் செய்த மார்ஷ்மெல்லோ குச்சிகளைக் கொண்டுபோயிருந்தேன். கடை நிறைய கூட்டம். பூசத்துக்கு மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலை வாங்க வந்த கூட்டம். ஒரு மலாய்ப் பெண் மிட்டாயைக் காட்டி ஹலாலா என்று கேட்டார். நான் பெருமையாகப் பையிலிருந்து மார்ஷ்மெல்லோ பாக்கெட்டை எடுத்து அதிலிருந்த பச்சை ஹலால் முத்திரையைக் காட்டினேன். அவர் நாலு குச்சி வாங்கினார்.

அடுத்து நின்ற பாட்டுக்குழுக்காரர் ஒருவர், கழுத்தில் துளசி மாலையோடு, "சைவம்தானே?" என்றார். "சுத்த சைவம்ணே. பன்றிக் கொழுப்பு, அது இது எதுவும் கிடையாது. முத்திரையே இருக்கு பாருங்க" என்றேன். எனக்குத் தெரிந்த அறிவு அவ்வளவுதான். முத்திரை இருந்தால் பன்றி இல்லை. பன்றி இல்லையென்றால் பயமில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கூடையில் போடுகிறோம், சொல்லுங்கள்.

ஜமீலா அக்கா சேலை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். என் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். அந்த மனிதரிடம் "இது வேணாம்ணே, வேற எடுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு என்னைத் துணி அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போனார். குரலை மிகவும் தாழ்த்திக்கொண்டார். "மாலா, இதுல ஜெலட்டின் இருக்கு. தோலு, எலும்பு இதெல்லாம் காய்ச்சி எடுக்கிறது. ஹலால்னா அது மாட்டோடது. நாங்க சாப்பிடலாம். காவடி எடுக்கிறவங்க வீட்டுல இது எப்படிம்மா சைவமாகும்?"

ஒன்பது போன்

எப்படி ரயில் ஏறினேன் என்று நினைவில்லை. ஊட்ரம் பார்க்கில் இறங்கி மாறவேண்டிய இடத்தில் மாறாமல் அடுத்த ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்ஷ்மெல்லோ வேலை ஆரம்பித்துப் பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் பிரபா தின்றிருக்கிறார். வெறும் தரையில் படுத்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, எனக்காக விரதம் இருந்த மனுஷனுக்கு நான் என் கையாலேயே மாட்டை ஊட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் எனக்கு மறுபடியும் கழுத்துக்கு ஸ்கேன். வேண்டுதல் கெட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போக மறுத்தது. எனக்குப் பயம். அதை மறைத்து எழுத நான் தயாராக இல்லை.

சொல்லிவிட்டால் அவர் காவடி எடுக்கமாட்டார். கிழிந்த சீட்டுக்கே கிரேனை நிறுத்துகிறவர் அவர். சொல்லாமல் விட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. நிம்மதியாக எடுப்பார். தெரியாமல் செய்த தப்பு தப்பா என்று எனக்கு நானே வக்கீலாகி, நான் இறங்குகிற லேக்சைடு ஸ்டேஷன் வரும்வரை வாதாடிக்கொண்டே வந்தேன்.

கஸ்டமரை ஏமாற்ற முடியாது என்பதுமட்டும் தெளிவாக இருந்தது. 'வெஜ்' என்று எழுதிக் கொடுத்த சைவக்காரர்கள் ஒன்பது பேர். ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் திட்டினார். ஒருவர் அழுதார். இரண்டு பேர் எனக்கே ஆறுதல் சொன்னார்கள். இன்னொருவர் பேச்சின் நடுவிலேயே போனை வைத்துவிட்டார். கடைசியாக மைதிலி மேடம். அவருக்குப் போன பெட்டியில் வெறும் சாக்லேட்தான், ஆனாலும் மகளுக்கென்று ஆறு மார்ஷ்மெல்லோ குச்சி தனியாக வாங்கியிருந்தார். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "என் வீட்டுக்குச் சொல்லிட்டீங்க. உங்க வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

பாக்கெட்டின் பின்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரபா கீழ்த்தளத்தில் காவடியைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு திருகாணியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். மயிலிறகுகள் பக்கத்தில் செய்தித்தாளில் வரிசையாகக் கிடந்தன. கையில் ஒரு காகிதம். காவடிக்கும் செக்லிஸ்ட் போட்டிருந்தார் மனுஷன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு எடுத்திருந்தார். தைப்பூசத்துக்கு இந்த ஊரில் பொது விடுமுறை கிடையாது அல்லவா? அந்த லீவுக்காக மூன்று மாதத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்தவர்.

சுற்றிவளைத்துப் பேச எனக்குத் தெம்பு இல்லை. "என்னங்க, மார்ஷ்மெல்லோல மாட்டு ஜெலட்டின் இருக்காம். எனக்கு நேத்துதான் தெரியும்" என்று சொல்லி பாக்கெட்டை நீட்டினேன். வாங்கினார். முன்பக்கம், பின்பக்கம், ஓரத்தில் இருந்த பொடி எழுத்து, எல்லாவற்றையும் படித்தார். பட்டறையில் விபத்து நடந்த இடத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "எந்தத் தேதிலேருந்து?" என்றார். சொன்னேன். "எல்லா நாளுமா?" ஆமாம் என்றேன். "வீட்டுல இன்னும் இருக்கா?" ஐந்து பாக்கெட் இருக்கிறது என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மயிலிறகுகளைச் செய்தித்தாளோடு சேர்த்துச் சுருட்டினார். திருகாணிகளை டப்பாவில் போட்டு மூடினார். செக்லிஸ்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். லிஃப்டுக்குப் போகிறவர் பாதியில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி வை. நாளைக்கு நான் வேலைக்குப் போறேன்."

தேங்காய் இதயம்

திங்கட்கிழமை சொன்னபடியே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். முந்தின நாள் காலைக்குப் பிறகு என்னோடு ஒரு பேச்சும் இல்லை. சாப்பிடவும் இல்லை. நான் ஐந்து பாக்கெட்டையும் பக்கத்து பிளாக்கில் இருக்கிற மலாய்த் தோழி வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, வீட்டை மஞ்சள் தண்ணீரால் மூலைமுடுக்கெல்லாம் கழுவினேன். குச்சிகள், தட்டுகள், அச்சுகள், கலர் மணி டப்பா எல்லாம் குப்பைக்குப் போயின. கழுவிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் காவடி எடுக்காவிட்டால் நான் பால்குடம் எடுக்கிறேன். நான் அதைத் தின்னவில்லை. நாற்பத்தைந்து நாளுக்கும் மேல் சைவம். வேண்டுதல் என் கழுத்துக்காக என்றால் என் கழுத்தே போய் நிற்கட்டும்.

அதெல்லாம் சரி, ஆர்டர் என்ன ஆகும்? ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை, அங்கே எச்.ஆர். வேலை பார்க்கிற தேவி வெள்ளிக்கிழமைக்கு அறுபது மார்ஷ்மெல்லோ குச்சி சொல்லியிருந்தாள். என் பள்ளித்தோழி, வாய் நீளம். மார்ஷ்மெல்லோவுக்குப் பதிலாக, கன்டென்ஸ்டு மில்க்கில் தேங்காய்த் துருவலைப் பிசைந்து, கையால் இதய வடிவத்தில் பிடித்து, சாக்லேட்டில் முக்கித் தரலாம் என்று தோன்றியது. இதற்கும் அடுப்பு வேண்டாம். முதல் இதயம் மூன்றுமுறை உடைந்தது. நாலாவது நின்றது. படம் எடுத்து அனுப்பிவிட்டு, இதையும் வேண்டாம் என்று சொன்னால் உட்கார்ந்து அழுவது என்று முடிவு செய்துகொண்டேன். உடனே கூப்பிட்டாள். "ஏய் மாலா, பூசம் வாரத்துல லவ்வர்ஸுக்குத் தேங்காயா? நம்ம ஆளுங்க தரையில போட்டு உடைச்சிடப் போறாங்க லா!"

டேங்க் ரோடு

அன்று மாலை நாலு மணிக்கே பிரபா வந்துவிட்டார். நெற்றி நிறைய விபூதி. பட்டறைக்குப் போனாரா, போகாமல் நாள் முழுக்கக் கோயிலில் உட்கார்ந்திருந்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. மயிலிறகுச் சுருட்டை எடுத்துப் பிரித்தார். "நாளைக்குப் போறோம்" என்றார். அவ்வளவுதான். நான் பால்குடம் எடுக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார். கோபமா, மன்னிப்பா, சாமியிடம் என்ன பேசிவிட்டு வந்தார், எதுவும் எனக்குத் தெரியாது. காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்றால், காவடிகள் கிளம்புகிற சிராங்கூன் சாலைக் கோயிலில் எல்லாம் மளமளவென்று நடந்து, அவருக்கு நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்தியாகிவிட்டது. இனி டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போய் அதை எடுக்கிறவரை அவரால் ஒரு சொல் பேசமுடியாது.

மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அவர் தோளில் காவடி, அவருக்கு இரண்டடி பின்னால் என் தலையில் பால்குடம். நான் சாமியைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன். செலிகி சாலையில் ஒருமுறை தள்ளாடினார். என் மார்ஷ்மெல்லோதான் என்று நினைத்தேன். முதுகில் வேர்வை ஓடியது. அதுவும் என்னால்தான். டோபி காட் தாண்டியதும் நின்றேவிட்டார். முழங்கால் மடங்கியது. கூட வந்த பட்டறை நண்பர்கள் இரண்டு பக்கமும் ஓடிவந்து "வேல் வேல்" என்று கத்தினார்கள். இந்த மனுஷனுக்கு மட்டும் ஒன்றும் ஆகக்கூடாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள், ஸ்கேனில் எது வேண்டுமானாலும் வரட்டும் என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். குடத்திலிருந்து பால் சிந்தி என் காதோரம் வழிந்தது. எவ்வளவு நேரம் நின்றாரோ. காவடி மெதுவாக நிமிர்ந்தது. கால் முன்னே போனது.

டேங்க் ரோடு கோயிலில் பாலைச் செலுத்திவிட்டு, காவடி இறக்குகிற இடத்துக்கு ஓடினேன். காவடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் வேலை உருவி எடுத்துவிட்டு நாக்கில் விபூதியை அப்பிக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் கன்றிச் சிவந்து கிடந்தன. பிரபா தண்ணீர் வாங்கி வாய் கொப்பளித்தார். கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். இதோ இப்போது கேட்கப் போகிறார், மூன்று நாளாக மனதில் வைத்திருந்ததை எல்லாம் இங்கேயே கொட்டப் போகிறார், எது வந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கை நீண்டு, என் கழுத்தில் ஆபரேஷன் தழும்பின்மேல் வழிந்து காய்ந்திருந்த பாலைத் துடைத்தது. நாக்கு வீங்கியிருந்ததால் குழறிக் குழறித்தான் வந்தது: "இவ்வளவு தூரம் சுமந்தியே, கழுத்து வலிக்குதா?"

ஆகவே என்னோடு சேர்ந்து அல்லாடுகிற மகராசிகளே, ஊரார் காதலுக்கு ரிப்பன் கட்டுவதற்கு முன்னால் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனென்றால் வீட்டில் இருக்கிற காதலில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எந்த லேபிளிலும் அச்சடித்து வருவதில்லை.